பழைய தேதியை அழிக்காதீர்கள்

புதுச்சேரி சேதராப்பட்டு தொழிற்பேட்டையில் ஒரு சின்ன தொழிற்சாலை புது ஷெட் கட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அஸ்திவாரம், தூண், கூரை, கரண்ட், மெஷின் இறக்குவது, எல்லாம் ஒரே எக்ஸெல் ஷீட்டில். அஸ்திவாரம் அக்டோபர் 10-க்குள் முடியவேண்டும். வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொள்கிறது, குழி முழுக்கத் தண்ணீர். சூப்பர்வைசர் 10-ஐ அழித்துவிட்டு அக்டோபர் 30 என்று அடிக்கிறார். பிறகு அதையும் அழித்து நவம்பர் 12. தூணுக்கும் இப்படியே. கூரைத் தேதியை மட்டும் யாரும் தொடவில்லை, ஏனென்றால் அது வெல்டருக்குக் கொடுத்த ஆர்டரிலேயே எழுதியிருக்கிறது: டிசம்பர் 5.

ஜனவரியில் முதலாளி ஷீட்டைத் திறக்கிறார். அஸ்திவாரம் சரியான தேதியில் முடிந்திருக்கிறது. தூணும் அப்படியே. கூரை மட்டும் ஒரு மாதம் லேட். வெல்டர் பில்லில் பிடித்தம்!

இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. ஒரு கட்டத்தில் ஒரு தேதிக்குத்தான் இடம், அவ்வளவுதான்.

தரவுத்தளம் வடிவமைக்கும்போது முதலில் கவனிக்கவேண்டியது இதைத்தான். வேலைகளுக்கான டேபிளில் வேலை எண், பெயர், பொறுப்பாளர் போதும். தேதியே வேண்டாம். தேதிகளுக்குத் தனி டேபிள்: வேலை எண், தொடக்கம், முடிவு, யார் எழுதினார், எப்போது, ஏன். தேதி மாறினால் புது வரிசை சேரும், பழையது அப்படியே இருக்கும். முதல் வரிசை கொடுத்த வாக்கு, கடைசி வரிசை இன்றைய நிலவரம். நிஜமாக முடிந்த தேதிக்கு இன்னொரு டேபிள்.

அடுத்து, எந்த வேலை எதற்குக் காத்திருக்கிறது? வேலை டேபிளிலேயே 'முந்தைய வேலை' என்று ஒரு பத்தி போட்டுவிடுவது பலரும் செய்யும் தப்பு. மெஷின் இறக்க தரையும் வேண்டும், கரண்டும் வேண்டும். அதற்கும் இரண்டு பத்திகள் கொண்ட தனி டேபிள்தான் சரி. அது இருந்தால் எந்தத் தாமதம் எங்கே போய் இடிக்கும் என்று கணினியே சொல்லும். 1958-ல் அமெரிக்கக் கடற்படை போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக உருவாக்கிய 'பெர்ட்' முறையும் இந்தக் காத்திருப்புக் கணக்குதான். அங்கே ஏவுகணை, இங்கே தகர ஷெட் :-)

'80 சதவீதம் முடிந்தது' என்று பதிவதிலும் பிரயோஜனமில்லை. அது அபிப்பிராயம். 12 தூணில் 9 என்றால் யார் வேண்டுமானாலும் போய் எண்ணிப் பார்க்கலாம்.

ஊர்ப் பெயரை அடையாள எண்ணாக வைக்காதீர்கள். ஆங்கிலத்தில் 'பாண்டிச்சேரி' என்று இருந்த பெயர் 2006-ல்தான் 'புதுச்சேரி' ஆனது.

கடைசியில் இதையெல்லாம் நிரப்பப்போவது சேற்றில் நின்றுகொண்டு, கையில் போனோடு இருக்கும் சூப்பர்வைசர். 15 கட்டம் கொடுத்தால் ஒன்றையும் நிரப்பமாட்டார். மூன்று போதும்: எந்த வேலை, புதுத் தேதி, ஏன். யார், எப்போது என்பதைக் கணினியே குறித்துக்கொள்ளும். 'ஏன்' என்பதற்கு நாலு பட்டன்: மழை, பொருள் வரவில்லை, ஆள் வரவில்லை, முந்தைய வேலை முடியவில்லை. ('மற்றவை' வைத்தால் எல்லோரும் அதையே அமுக்குவார்கள்.)

வெல்டருக்கு வேண்டியது அந்த நாலாவது பட்டன்தான். அது இருந்திருந்தால் அவர் பணம் முழுசாக வந்திருக்கும்.