நடைபாதைக்கு அடியில் ஓர் இரும்புக் குழாய்

ஏப்ரல் 19, 2025, சனி

வலுவிழந்த ‘டாம்’ புயல் ஈஸ்டர் விடுமுறையின் தொடக்கத்தை ஆக்லாந்துக்கு மழையும் காற்றுமாகக் கொடுத்தது. பிளாக்ஹவுஸ் பேயில் மாஸ்டரின் பின்வளவு வேலி பாதித் தூரம் சரிந்து கிடக்கிறது. காங்கேசன்துறைப் பக்கத்தில் கணிதம் படிப்பித்து ஓய்வுபெற்று, இங்கே மகள் குடும்பத்தோடு இருப்பவர் அவர். அந்தத் தெருத் தமிழர்கள் எல்லாருக்கும் அவர் மாஸ்டர்தான்.

நியூசிலாந்தில் வேலி விழுந்தால் சண்டைக்கு வேலையில்லை. 1978ஆம் ஆண்டின் வேலிச் சட்டப்படி, போதுமான ஒரு வேலிக்கான செலவை இரண்டு வளவுக்காரரும் சரிபாதியாகப் பகிர வேண்டும். ஒருவர் எழுத்தில் அறிவித்தால், மற்றவருக்கு ஆட்சேபிக்க 21 நாள் உண்டு. ஆனால் மருமகன் கைபேசியில் ஒரு வரைபடத்தைத் திறந்தார். வான்படத்தின் மேல் ஓடிய எல்லைக்கோடு, விழுந்த வேலியைத் தாண்டி, பக்கத்து வளவு ஃபீஜோவா மரத்துக்கும் அப்பால் போயிற்று.

“மாமா, எங்கட நிலம் அங்கால அரை மீட்டர் கிடக்கு. புது வேலியை அதிலதான் போடவேணும்.”

மாஸ்டர் பதில் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்தில் வேலிச் சண்டை எப்படித் தொடங்கும் என்று அவருக்குத் தெரியும். மழைக்குப் பிறகு கதியால் மாற்றும் சாட்டில் ஒரு சாண் அரக்கி நடுவார்கள். பத்து வருடத்தில் அது ஒரு முழமாகும். பிறகு இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் ஒரே ஒழுங்கையில் முகம் பாராமல் பள்ளிக்கூடம் போவார்கள். வேலியில் போன நிலத்தின் விலையை விட வழக்குச் செலவு பல மடங்கு ஆன குடும்பங்களை அவர் கண்டிருக்கிறார்.

ஏப்ரல் 23, புதன்

பக்கத்து வீட்டு மூதாட்டி 1960களில் இருந்தே அங்கே இருப்பவர். அந்த வேலி தன் கணவர் கையால் அடித்தது, அது பிழையாக இருக்க முடியாது என்றார் அவர். அரை மீட்டர் என்ற பேச்சே அவரைக் காயப்படுத்தியிருந்தது. மாஸ்டர் அவரிடம் ஒன்றுதான் கேட்டார்: பழைய பிளான் இருக்கிறதா?

இருந்தது. 1920களில் ஒரு பெரிய நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்தபோது வரைந்த படத்தின் பிரதி. நியூசிலாந்தில் பதிவான அளவைப் படங்களின் பிரதியை யாரும் சிறு கட்டணம் செலுத்தி எடுக்கலாம். காணி உரித்து, அளவை இரண்டையும் காக்கும் ‘டோயிட்டூ டெ வெனுவா’ என்ற அரச திணைக்களம் பழைய படங்களைக் கணினிக்கு ஏற்றி வைத்திருக்கிறது. மருமகன் பார்த்த கோடு அந்தப் படம் அல்ல. எந்த வளவு எங்கே இருக்கிறது என்று காட்டுவதற்காகத் தொகுத்த கோடு அது. வான்படத்தோடு அது சில இடங்களில் பொருந்தும், சில இடங்களில் விலகும். அத்தகைய வரைபடங்களின் அடியிலேயே, எல்லையை நிச்சயிக்க இதைப் பாவிக்க வேண்டாம் என்று எழுதியிருக்கும். அந்த வரியை வாசிக்காமல் எத்தனை அயலார் இப்போது ஒருவரோடொருவர் பேசாமல் இருக்கிறார்களோ!

பழைய படத்தில் மீட்டரும் இல்லை, அடியும் இல்லை. எல்லாம் லிங்க். ஆங்கிலேயக் கணிதர் எட்மண்ட் கன்டர் 1620இல் அமைத்த சங்கிலியில் 100 லிங்க், மொத்தம் 66 அடி. ஒரு லிங்க் 20.1168 சென்டிமீட்டர். பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். இந்த வளவுக்குத் தெரு முகப்பு 100 லிங்க், ஆழம் 250 லிங்க். அதாவது கால் ஏக்கர், 40 பேர்ச். வீட்டுக்காணிக்கு ஏக்கருக்கு 16 பரப்பு என்ற யாழ்ப்பாணக் கணக்கில் சரியாக நாலு பரப்பு. இலங்கைப் பிளான்களிலும் இதே ஏக்கர், றூட், பேர்ச் என்பதால் மாஸ்டருக்கு அகராதி தேவைப்படவில்லை.

பின்னேரம் அவரும் மூதாட்டியும் ஆளுக்கு ஒரு முனையில் நாடாவைப் பிடித்தார்கள். முன்பக்கம் வேலிக்கு வேலி 20.1 மீட்டர். பின்பக்கம் 20.3. படத்தின்படி இரண்டும் 20.12 இருக்க வேண்டும். மறுபக்க வேலி சரியான இடத்தில் நின்றால், மாஸ்டரின் வளவு பின்பக்கம் குறையவில்லை, கூடியிருக்கிறது. மருமகன் இரவு முழுவதும் அந்தக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மே 3, சனி

ஒரு பழைய பிளானை நம்பலாமா என்பது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் இந்த ஊரின் சரித்திரத்திலேயே இருக்கிறது.

மனுக்காவ் துறைமுகத்தின் வடகரையில் இருக்கிறது பிளாக்ஹவுஸ் பே. கடல்வழித் தாக்குதலுக்கு அஞ்சி 1860இல் இங்கே கட்டப்பட்ட காவல் அரணிலிருந்து அதன் பெயர் வந்தது. அதற்கு நெடுங்காலம் முன்பே, மனுக்காவையும் வைட்டெமட்டாத் துறைமுகத்தையும் பிரிக்கும் குறுகிய நிலத்தின் குறுக்கே மாவோரிகள் தோணிகளை இழுத்துச் சென்ற ‘வாவ்’ வழி இந்தப் பக்கம்தான். பக்கத்து நியூ லின்னில் ‘போர்ட்டேஜ் றோட்டு’ இன்றும் அந்த வழியின் பெயரைத் தாங்குகிறது. முடியாட்சி இந்த நிலங்களை மாவோரிகளிடமிருந்து எடுத்துத் துண்டுகளாக வழங்கியபோது, டிடிராங்கி என்ற பெரும் பிரிவின் இலக்கங்களாக அவை பதிவாயின. இன்றைய உரித்துகளின் நில விவரத்திலும் அந்த இலக்கங்களைக் காணலாம். முதல் கோடு யாருடைய நிலத்தின் மேல் கீறப்பட்டது என்பதை அந்தப் பத்திரங்கள் சொல்வதில்லை. வாசிப்பவர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆரம்ப அளவைகளின் தரம் மாகாணத்துக்கு மாகாணம் வேறுபட்டது. 1860களில் ஆக்லாந்தில் தியோபிலஸ் ஹீல் முக்கோண அளவையைக் கொண்டுவந்தார். மாகாணங்கள் ஒழிந்த 1876இல் நாடு முழுவதற்கும் அளவையாளர் நாயகமாக வந்த ஜான் டர்ன்புல் தாம்சன் அந்த வேலையை ஒரே ஒழுங்குக்குள் கொண்டுவந்தார். தாம்சனின் பெயரை மாஸ்டர் வேறோர் இடத்தில் படித்திருந்தார். 1841இல் சிங்கப்பூரில் அரச அளவையாளராக இருந்தவரும், 1851இல் ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்தைக் கட்டி முடித்தவரும் அவரே.

உரித்துப் பதிவிலும் இடைவெளி இருந்தது. தென் ஆஸ்திரேலியாவில் ராபர்ட் டொரன்ஸ் 1858இல் தொடங்கிய முறையை நியூசிலாந்து 1870இல் ஏற்றது. அரசு காக்கும் ஏடே உரிமைக்கு ஆதாரம், பழைய உறுதிகளின் சங்கிலியைத் தேடி அலைய வேண்டியதில்லை என்பது அதன் சாரம். ஆனால் பல பழைய காணிகள் உறுதி முறையிலேயே தங்கின. 1924இல் ஒரு சட்டம் அவற்றையும் கட்டாயமாகப் புதிய ஏட்டுக்குள் இழுத்தது. சரியான அளவை இல்லாதவற்றுக்கு, எல்லை அளவில் வரையறை உண்டு என்ற குறிப்போடு உரித்து வழங்கினார்கள். அந்தக் குறிப்பு இன்றும் சில உரித்துகளில் இருக்கிறது. அப்படிப்பட்ட வளவின் எல்லைக்கு அரசு உத்தரவாதம் தருவதில்லை. புது அளவை செய்து அதை நீக்கிக்கொள்வது உரிமையாளர் பொறுப்பு. ஆக்லாந்தின் பழைய பகுதிகளில் வீடு வாங்கும் தமிழர்கள் அடுக்களையையும் கார் நிறுத்துமிடத்தையும் பார்ப்பதற்கு முன் அந்த ஒரு வரி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மாஸ்டரின் உரித்திலும் மூதாட்டியின் உரித்திலும் அது இல்லை.

மே 18, ஞாயிறு

காலையில் முள்ளிவாய்க்காலில் இறந்தவர்களின் நினைவுக்கு விளக்கேற்றினார்கள். அப்போது மாஸ்டரின் தங்கச்சி யாழ்ப்பாணத்திலிருந்து தொலைபேசி எடுத்தாள்.

“அண்ணை, எங்கட உறுதியின்ர நல்ல பிரதி உங்களிட்டத்தானே கிடக்குது? கெதியா அனுப்புங்கோ.”

அவளுடைய பதற்றத்துக்குக் காரணம் இலங்கை அரசின் மார்ச் 28 வர்த்தமானி. வடக்கின் நான்கு மாவட்டங்களில் ஏறத்தாழ 5,940 ஏக்கரை நிலத் தீர்வுச் சட்டத்தின் கீழ் அறிவித்து, உரிமை கோருவோர் மூன்று மாதத்துக்குள் வர வேண்டும் என்றது அது. கோராவிட்டால் அரச காணி. போரில் இடம்பெயர்ந்து, பத்திரங்களை வீட்டோடு தொலைத்து, உலகமெங்கும் சிதறிய ஒரு சனத்துக்கு மூன்று மாதம் என்பது என்ன அவகாசம்! தங்கள் காணி அந்தப் பட்டியலில் வருகிறதா என்பதுகூட அவளுக்கு இன்னும் தெளிவில்லை.

அவர்களுடைய காணி கிடக்கும் வலிகாமம் வடக்கு 1990இல் வெறுமையாக்கப்பட்டு உயர் பாதுகாப்பு வலயமானது. போர் முடிந்த பிறகு துண்டு துண்டாக விட்டார்கள். மயிலிட்டித் துறைமுகத்தை 2017 யூலையில்தான் விட்டார்கள். திரும்பிப் போனவர்கள் வேலியைக் காணவில்லை, மதிலைக் காணவில்லை, பல இடங்களில் ஒழுங்கையையே காணவில்லை. இடித்துச் சமப்படுத்திய தரவை. உறுதியிலோ எல்லை அயலவர் பெயரால் எழுதப்பட்டிருக்கும்: கிழக்கே ஒழுங்கை, வடக்கே இன்னாரின் காணி. அந்த இன்னார் கனடாவிலோ கல்லறையிலோ இருக்கையில் அந்த வரியை எங்கே வைத்து வாசிப்பது?

“கிணத்தைக் கண்டவையே?” என்று மாஸ்டர் கேட்டார்.

“ஓம். மண் போட்டு மூடினது, ஆனா கட்டு கிடக்குது. சேவையர் அதில இருந்துதான் பிடிச்சவர்.”

தரைக்கு மேலே நின்றவற்றைத் தள்ளலாம். கற்கட்டுக் கிணற்றைத் தூர்க்கலாமே தவிர நகர்த்த முடியாது. பழைய பிளானில் கிணறு குறித்திருந்தால், அளவையாளர் அதிலிருந்து வளவைத் திரும்ப எழுப்புகிறார். நில அளவைத் திணைக்களம் 1800இல் தொடங்கிய நாடு இலங்கை. ஒல்லாந்தர் காலத்துத் தோம்புகள் அதற்கும் முந்தியவை. ஏடுகள் இல்லாத நாடு அல்ல. ஆட்சியாளர் நினைத்தால் அந்த ஏடுகளைக் கொண்டு சனத்துக்கு உதவலாம்.

ஒரு முறை நினைத்தும் இருக்கிறார்கள். 1871ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டப்படி, இலங்கையில் தனியார் காணியைப் பத்து வருடம் எதிருரிமையோடு ஆண்டவர் அதைத் தனதாக்கலாம். போரால் காணிக்குப் போக முடியாதிருந்தவர்கள் அப்படி இழக்கக் கூடாது என்று 2016இல் ஒரு விசேட சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்றது அது. தீவிரவாதக் குழுக்களின் செயலால் போக முடியாதிருந்தவர் என்றே சட்டம் பேசுகிறது. முள்வேலிக்கு அப்பால் இராணுவம் நின்றதால் போக முடியாதிருந்தவர்களுக்கும் அதே கரிசனை வேண்டும்.

மாஸ்டர் உறுதியை அன்றே ஒளிவருடி அனுப்பினார்.

யூன் 6, வெள்ளி

உரிமம் பெற்ற காணி அளவையாளர் வந்தார். செலவு பாதிப் பாதி என்று முன்பே பேசியாயிற்று. அவரை யாரும் தனியாக அமர்த்தவில்லை, இரண்டு வீடும் சேர்ந்து கூப்பிட்டன என்பது முக்கியம். தன் பக்க ஆள், உன் பக்க ஆள் என்று ஆனால் அதே முடிவைக்கூட யாரும் ஏற்பதில்லை.

அவர் வேலிப் பக்கமே போகவில்லை. தெருவுக்குப் போனார். பழைய படத்தில் தெரு மூலையில் ஓர் இரும்புக் குழாய் குறிக்கப்பட்டிருந்தது. உலோகம் கண்டறியும் கருவி நடைபாதை ஓரத்தில் ஒலித்தது. ஒரு சாண் ஆழத்தில் துருப்பிடித்த குழாயின் வாய் தெரிந்தது. தெருவின் மறுமுனையிலும் இன்னொன்று கிடைத்தது. அந்த இரண்டுக்கும் இடையே பழைய ஆள் லிங்கில் எழுதிய தூரத்தையும் இன்றைய கருவி காட்டிய தூரத்தையும் ஒப்பிட்டார். வித்தியாசம் இரண்டு விரல் அகலம்.

மூதாட்டி கேட்டார்: எண்ணும் குழாயும் ஒத்துப் போகாவிட்டால் எது வெல்லும்?

குழாய்தான் என்றார் அளவையாளர். அசையாமல் இருக்கும் முதல் அடையாளத்துக்குப் படத்திலுள்ள எண்ணை விட மதிப்பு அதிகம். மாஸ்டருக்கு இந்த விதி பிடித்துவிட்டது. உருக்கு நாடா வெயிலில் நீளும். இந்தச் சரிவான நிலத்தில் இழுத்துப் பிடிப்பதும் கடினம். அளந்தவர் பிழை விடலாம். ஆனால் முதலில் வாங்கியவர் தெருவில் நின்று, மண்ணில் அடித்திருந்த கட்டையைப் பார்த்துத்தான் வாங்கினார். அந்தக் கட்டை உக்கிப் போனாலும், அது நின்ற இடத்துக்குத் திரும்பிப் போக எழுதிவைத்த வழிதான் பிளான். அந்த அடையாளங்களை அனுமதியில்லாமல் அசைப்பது 2002ஆம் ஆண்டின் காணி அளவைச் சட்டத்தில் குற்றமாக இருப்பதும் இதனால்தான்.

நிலமே அசைந்தால்? கிறைஸ்ட்சர்ச் நிலநடுக்கங்களுக்குப் பிறகு இந்தக் கேள்வி உண்மையாகவே வந்தது. வேலியும் வீடும் நிலத்தோடு சேர்ந்து நகர்ந்துவிட்டன. கணக்கில் எல்லை பழைய இடத்தில் நின்றது. 2016இல் நாடாளுமன்றம் கிறைஸ்ட்சர்ச் இருக்கும் கேன்டர்பரிப் பகுதிக்குத் தனிச் சட்டம் செய்து, எல்லையும் நிலத்தோடு நகர்ந்ததாகவே கொள்ள வேண்டும் என்றது. மண்சரிவுக்கு மட்டும் அந்தச் சலுகை இல்லை. மக்கள் வாழும் மண்ணோடு ஏட்டைச் சேர்த்துவைத்த நல்ல சட்டம் அது.

மாலைக்குள் வெள்ளை மரக்கட்டைகள் நட்டாயிற்று. முன்பக்கம் பழைய வேலி சரியான கோட்டில். பின்பக்கம் வேலி மூதாட்டியின் வளவுக்குள் 20 சென்டிமீட்டர் போயிருந்தது. ஏறக்குறைய ஒரு லிங்க். மூதாட்டியின் கணவர் தன் நிலத்தைத்தான் விட்டுக்கொடுத்து அடித்திருக்கிறார். மருமகன் நேரே மூதாட்டியிடம் போய் மன்னிப்புக் கேட்டார். அவர் பெரிதாக எடுக்கவில்லை. தேநீர் குடித்துவிட்டுப் போகச் சொன்னார்.

யூன் 28, சனி

தங்கச்சியிடமிருந்து நல்ல செய்தி. அந்த வர்த்தமானியைச் செயற்படுத்த உயர் நீதிமன்றம் நேற்று இடைக்காலத் தடை விதித்திருக்கிறது. இருந்தாலும் பத்திரங்களை ஒழுங்காக்கும் வேலையை நிறுத்த வேண்டாம் என்று மாஸ்டர் சொன்னார். கிணற்றிலிருந்து பிடித்த அளவையை முறையான பிளானாக்கி, அயற்காணிக்காரர் கையெழுத்தோடு வைக்கச் சொன்னார். கனடாவில் இருக்கும் அயலவரின் மகனோடு அவரே பேசுவார்.

இங்கே புதுவேலியின் கம்பங்களுக்குக் கொங்கிறீற் போட்டாயிற்று. அளவையாளர் தன் தரவைத் திணைக்களத்தில் சேர்த்துவிட்டார். பின்மூலையில் ஃபீஜோவா மரத்தின் அடி எல்லைக்கு மிகக் கிட்ட நிற்பதால், அங்கே மட்டும் வேலியை மாஸ்டரின் பக்கம் வளைத்துப் போனார்கள். அந்த வளைவு எல்லை அல்ல, மரத்துக்காகச் செய்த உடன்பாடு என்று ஒரு தாளில் எழுதி, தூரத்தை மீட்டரிலும் லிங்கிலும் குறித்து, இருவரும் கையெழுத்திட்டார்கள். ஒவ்வொரு வீட்டுப் பத்திரக் கட்டிலும் ஒரு பிரதி இருக்கிறது. வளவை அடுத்து வாங்குபவருக்கு அதைக் கொடுக்கும்படி மருமகன் தன் கையால் மேலே எழுதிவைத்தார்.