பூமத்திய ரேகையைக் கடந்தோம்

கப்பலில் சென்று வந்தவர் எவரைக் கண்டாலும் நம்மவர் முதலில் கேட்கும் கேள்வி, "தலைசுற்றல் இருந்ததா?" என்பது. அடுத்த கேள்வி, "சாப்பாட்டுக்கு என்ன செய்தீர்கள்?" என்பது. அன்பர்கள் கேட்குமுன் இவ்விரண்டுக்கும் விடை கூறிவிடுகிறோம். தலைசுற்றல் இரண்டு நாள் இருந்தது. சோறு தாராளமாகக் கிடைத்தது, ரசந்தான் கிடைக்கவில்லை. இனி விஷயத்துக்கு வருவோம்.

நாங்கள் அறுவர், கடலியல் பயிலும் ஆராய்ச்சி மாணவர்கள். இருவர் தமிழர். ஒருவர் மும்பை மாதுங்காவில் வளர்ந்தவர், மற்றவர் மதுரைக்காரர். ஏனைய நால்வரும் கேரளம், ஒடிசா, ஆந்திரம், வங்காளம் ஆகிய மாநிலங்களிலிருந்து வந்தவர்கள். கோவாவின் மர்மகோவா துறைமுகத்தில் ஆராய்ச்சிக் கப்பல் ஒன்றில் ஏறி, மொரீஷியஸ் தீவின் போர்ட் லூயி நகரை நோக்கிப் புறப்பட்டோம். இரண்டாவது பன்னாட்டு இந்தியப் பெருங்கடல் ஆய்வின் முதல் பயணம் 2015 டிசம்பரில் இதே வழியிற்றான் தொடங்கியது. நாங்கள் சென்றது அதற்குச் சில ஆண்டுகள் கழித்து, ஒரு மே மாதத்தில்.

இரவும் பகலும் முறைவைத்து வேலை நடந்தது. குறித்த இடங்களில் கப்பலை நிறுத்தி, குப்பிகள் பொருத்திய சட்டத்தைக் கம்பி வடத்தில் கட்டி ஆழத்துக்கு இறக்குவோம். ஒவ்வோர் ஆழத்திலும் நீரின் வெப்பத்தையும் உப்பையும் அளந்து கொண்டு, நீரையும் முகந்து வரும். மாணவருக்கு இதைவிடச் சிறந்த பள்ளிக்கூடம் இல்லை.

நாள்தோறும் தெற்கே செல்லச் செல்ல வானமே மாறியது. துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து எத்தனை பாகை உயரத்தில் நிற்கிறதோ, அத்தனை பாகையே நாம் நிற்கும் இடத்தின் அட்சரேகை. கோவாவில் அது ஏறக்குறைய 15 பாகை. கன்னியாகுமரியில் 8 பாகை. பூமத்திய ரேகையில் அது அடிவானத்தையே தொட்டுவிடும். ஆனால் அதற்கு வெகுமுன்பே கடல்மேல் படியும் மூட்டத்தில் அந்நட்சத்திரம் எங்கள் கண்ணுக்கு மறைந்து விட்டது. பிறந்தது முதல் வடக்கே நின்ற ஒன்று இல்லாமற் போனபோது மனத்தில் ஒரு வெறுமை தோன்றியது. தெற்கிலோ, நம் முன்னோர் திரிசங்கு என்ற தெற்குச் சிலுவை உயர்ந்து நின்றது.

உலகைச் சுற்றி 40,075 கிலோமீட்டர் ஓடும் அந்த ரேகை நீரில் தெரிவதில்லை என்பதைச் சிறு குழந்தையும் அறியும். ஆயினும் கடலோடிகள் அதனை வெறுங்கோடாக எண்ணியதில்லை. பாய்மரக் காலத்தில் காற்றின்றிக் கப்பல்கள் நாட்கணக்கில் அசையாமற் கிடந்த பகுதி அதன் அருகில் உள்ளது. அவ்விடத்தை முதன்முறை கடப்பவர் கடலரசனிடம் அனுமதி பெறவேண்டும் என்று ஒரு விளையாட்டுச் சடங்கை ஐரோப்பிய மாலுமிகள் ஏற்படுத்தினர். 1832 பிப்ரவரி 17ஆம் நாள் 'பீகிள்' கப்பலில், அப்போதுதான் 23 வயது நிறைந்திருந்த டார்வின் இதற்கு உள்ளானார். முகத்தில் தாரும் வண்ணமும் பூசி, இரும்புப் பட்டையால் வழித்து, நீர் நிறைந்த பாய்த்துணியில் அவரைக் கவிழ்த்தார்கள்.

எங்கள் கப்பலின் போசன், அதாவது மாலுமிகளின் தலைவர், தூத்துக்குடிக்காரர். நாங்கள் அவரை 'அண்ணாச்சி' என்றே அழைத்தோம். ரேகையை அடைவதற்கு முந்தின மாலை அவர் எங்கள் அறைக்கு வந்து, சிவப்பு மையில் எழுதிய ஓலை ஒன்றை நீட்டினார். முதன்முறை கடக்கும் 'தலைப்பிரட்டைகள்' யாவரும் மறுநாள் பத்து மணிக்குக் கடலரசன் சபையில் ஆஜராக வேண்டும் என்பது அதன் சாரம்.

"மேல்நாட்டார் நெப்டியூன் என்பார்கள். நமக்கு வருணன். நெய்தல் நிலத்துக்குத் தெய்வம் வருணன் என்று தொல்காப்பியத்திலேயே இருக்கிறதாமே, தம்பி?" என்றார் அண்ணாச்சி. கடலில் முப்பது ஆண்டு கழித்தவர் தொல்காப்பியத்தை நினைவூட்ட, ஏட்டுப் படிப்பாளிகளாகிய நாங்கள் விழித்தோம்.

அவர் சென்றபின் கல்கத்தா நண்பர், "நான் வரவில்லை" என்றார்.

"ஏன்?" என்றோம்.

"விருப்பமில்லை."

அத்துடன் விட்டிருக்க வேண்டும். நாங்கள் விடவில்லை. பயந்தாங்கொள்ளி என்றோம். நீருக்கு அஞ்சுபவர் கடலியல் படிப்பானேன் என்றோம். எல்லோரும் கூடி மகிழும்போது ஒருவர் மட்டும் ஒதுங்குவது அகங்காரம் என்றும் சொன்னோம். அவர் ஒன்றும் பேசாமல் படுக்கையில் சுவரைப் பார்த்துத் திரும்பிக் கொண்டார். வாயிற்படியில் விளக்கை எடுக்க மீண்டும் வந்த அண்ணாச்சி இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றதை நாங்கள் கவனிக்கவில்லை.

மறுநாள் விடியற்காலை கப்பலின் சங்கு நீண்டு முழங்கியது. மேல்தளத்துக்கு ஓடினோம். அட்சரேகை காட்டும் திரையில் எண்கள் குறைந்து, ஒரு கணம் எல்லாம் பூஜ்யமாகி, வடக்கு என்பது தெற்கு என்று மாறியது. கடல் மட்டும் நேற்றிருந்தபடியே இருந்தது.

பத்து மணிக்குச் சபை கூடியது. தலைமைப் பொறியாளர் தகர மகுடமும் திரிசூலமும் தாங்கி வருணராஜனாக வீற்றிருந்தார். கயிற்றுச் சிக்கலைக் கூந்தலாக அணிந்த ஒரு மாலுமி அவருடைய ராணி. சமையற்காரர் வைத்தியர், மிளகும் பாகற்காயும் சேர்த்து உருட்டிய மாத்திரைகளை அவர் கருணையின்றி வழங்கினார். நாவிதர் மைதா மாவுக் குழம்பை முகத்தில் அப்பி, இரண்டடி நீள மரக்கத்தியால் வழித்தார். அதன்பின் கடல்நீர்த் தொட்டியில் ஒரு முழுக்கு. அந்த வரிசையில் எங்கள் பேராசிரியரும் நின்றார். அவரும் ஒரு தலைப்பிரட்டை! எங்கள் அட்டவணைகளில் சிவப்புக் கோடிடும் அவர், மாவு வடியும் முகத்துடன் மண்டியிட்டு மீனை முத்தமிட்ட காட்சியை எழுத்தில் வடிக்க இயலாது.

மதுரை நண்பருக்கு ஒரு சங்கடம் இருந்தது. தாயார் நோய் நீங்கியதற்காகப் பழனியில் முடி கொடுப்பதாக நேர்ந்து, தலைமுடியை வளர்த்து வந்தார். நாவிதர் கத்தரிக்கோலுடன் நெருங்கியதும் அவர் நேர்த்திக்கடனைக் கூறினார். வருணராஜன் சற்று யோசித்தார். "மலையரசனுக்கு எழுதிக் கொடுத்த சொத்தில் கடலரசன் கைவைப்பதில்லை, ராணியின் கூந்தலில் ஒரு பிடி வெட்டுக!" என்று தீர்ப்பளித்தார். சபை ஆரவாரித்தது.

அடுத்துக் கல்கத்தா நண்பரின் பெயர் அழைக்கப்பட்டது. அவர் மேல்தளத்துக் கம்பியைப் பிடித்தபடி நின்றார். நாங்கள் ஐவரும் அவர் பெயரைச் சொல்லிக் கூவினோம். அப்போது கப்பல் தலைவர் கையை உயர்த்தினார்.

"அவர் வரவில்லை என்று சொல்லிவிட்டாராம். காரணம் கேட்க வேண்டாம். அடுத்தவரை அழையுங்கள்" என்றார்.

எங்கள் கூச்சல் தொண்டையிலேயே நின்றது. நேர்த்திக்கடன் என்று காரணம் சொன்னவரை விடுவது எளிது. அதில் எவருக்கும் குறைவில்லை. காரணம் சொல்லாதவரை விடுவதற்கே பெரிய மனம் வேண்டும். பழங்காலத்திலும் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். 1768 அக்டோபரில் காப்டன் குக்கின் 'எண்டெவர்' கப்பல் ரேகையைக் கடந்தபோது, நீரில் அமிழ விரும்பாதவர்கள் தம் பங்கு மதுவைக் கொடுத்து விலகிக் கொண்டார்கள். இயற்கை நூலறிஞர் ஜோசப் பாங்க்ஸ் தமக்கும் தம் பணியாட்களுக்கும் தம் நாய்களுக்கும் சேர்த்தே அவ்வாறு ஈடு கொடுத்தார். எங்கள் கப்பலில் அந்த ஈடும் கேட்கவில்லை.

அன்றிரவு நண்பர் தாமாகவே சொன்னார். கல்லூரி விடுதியில் முதலாண்டு மாணவராக இருந்தபோது, மூத்த மாணவர்கள் அவரை ராகிங் என்ற பெயரில் நள்ளிரவில் எழுப்பித் தண்ணீர்த் தொட்டியில் பலமுறை அமுக்கினார்களாம். அப்போதும் சுற்றி நின்றவர்கள் சிரித்தார்களாம். ராகிங்கைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1997ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்தது. 2009இல் பல்கலைக்கழக மானியக் குழுவும் நாடு முழுமைக்கும் விதிகள் வகுத்தது. அவ்விதிகளை நாங்கள் ஆண்டுதோறும் படித்துக் கையொப்பமிட்டவர்கள். முந்தின இரவில் நாங்கள் செய்ததும் அவ்வினத்தைச் சேர்ந்ததே என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. மன்னிப்புக் கேட்டோம். அவர் சிரித்தார், எங்களால் இயலவில்லை.

சிறிது நேரத்தில் அண்ணாச்சி சான்றிதழ்களுடன் வந்தார். ரேகையைக் கடந்த ஒவ்வொருவருக்கும் ஒரு மீனின் பெயர் சூட்டுவது அக்கப்பலின் வழக்கம். மதுரை நண்பர் சீலா ஆனார். சென்னையில் வஞ்சிரம் என்பார்களே, அதுதான். மாதுங்கா நண்பர் நெத்திலி, பேராசிரியர் திருக்கை. கல்கத்தா நண்பருக்கும் ஒரு சான்றிதழ் இருந்தது.

"நான் சபைக்கே வரவில்லையே!" என்றார் அவர்.

"கோட்டைக் கடந்தது கப்பல், தம்பி. நீங்களும் அதில்தானே இருந்தீர்கள்?" என்றார் அண்ணாச்சி. மீனின் பெயர் எழுத வேண்டிய இடத்தை மட்டும் வெறுமையாக விட்டிருந்தார். "உங்களுக்கு எப்போது தோன்றுகிறதோ, அப்போது எழுதிக் கொள்ளுங்கள்."

ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நம் குடும்பங்கள் கூடுவதற்குப் பொங்கலும் ஆண்டுவிழாவும் தவிர வேறு வாய்ப்புகள் மிகுதியாக இல்லை. ஆகவே எல்லோரும் எல்லாவற்றிலும் கலந்து கொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறோம். மேடையேறக் கூசும் குழந்தையைக் கையைப் பிடித்து இழுத்து, "ஒரு பாட்டுப் பாடு" என்கிறோம். அது அன்பினால் செய்வதே. ஆயினும் ஓரமாக நின்று பார்க்கும் குழந்தையும் விழாவுக்கு வந்த குழந்தைதான் என்பதை அக்கப்பலில் கற்றோம்.

மதுரை நண்பர் ஊர் திரும்பிப் பழனியில் முடி கொடுத்தார். கல்கத்தா நண்பரின் சான்றிதழில் அந்த இடம் இன்னும் வெறுமையாகவே இருக்கிறது. நாங்கள் காரணம் கேட்பதில்லை.