மழலைக்கு ஒரு கால அட்டவணை

இரண்டு வயதுக் குழந்தைக்குக் கால அட்டவணையா என்று நண்பர்கள் நகைக்கின்றனர். ரயில்வேக்காரர் வீடல்லவா! ஆயினும், இக்கரக்பூரில் எங்கள் மகள் வாசலைத் தாண்டினால் அவள் காதில் விழுவன வங்காளமும் ஹிந்தியுமே. தமிழும் ஜெபமும் அவளை அடைய வேண்டுமாயின், வீட்டினுள் அவற்றுக்கு நேரம் ஒதுக்குவதன்றி வேறு வழியில்லை.

காலையில் கைகூப்பி, ‘ஸ்தோத்திரம் இயேசப்பா’ என்ற ஒரு வாக்கியம். அதற்கு மேல் அவ்வயது பொறாது. பிறகு நோவாவின் பேழை. பழைய பிஸ்கட் பெட்டியில் மரப் பொம்மை மிருகங்களை இரண்டிரண்டாக ஏற்றுவாள். எண்ணும், விரல்களின் லாகவமும், யானை, ஒட்டகம் என்னும் தமிழ்ச் சொற்களும் அவ்விளையாட்டிலேயே வந்துவிடுகின்றன.

இவ்வயதினர் நாளொன்றுக்கு 180 நிமிடமேனும் ஓடியாட வேண்டும், திரைமுன் 1 மணி நேரத்துக்கு மேல் அமரலாகாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் அறிவுறுத்தியது. ஓட்டத்துக்குக் குறைவில்லை, கைப்பேசியைத்தான் ஒளித்து வைக்கிறோம்.

23-ஆம் சங்கீதத்தை இன்னும் மனனம் செய்விக்கவில்லையா என்று ஊரிலிருந்து பெரியவர்கள் கேட்கின்றனர். மேய்ப்பனை அறியுமுன் ஆட்டைப் பார்க்கட்டும் என்று நாங்கள் அவளை மைதானத்துக்கு அழைத்துச் செல்கிறோம்.

இரவில் வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனை ஒன்று. தாளம் அவள் பொறுப்பு. இரவுப் பணி வரும் நாட்களில் ஜெபத்தை மாலை 4 மணிக்கே முடித்துவிடுகிறோம். ‘ஆமென்’ சொன்னதும், பகல் வெளிச்சத்திலேயே அவள் பாயைத் தேடுகிறாள்.