கொடியை யார் தூக்கி வந்தார்கள்?

ஒக்கலிபுரம், பெங்களூரு
பங்குனி, ஞாயிறு காலை

அன்புள்ள தோழி,

மொட்டை மாடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். ரயில் போகும்போதெல்லாம் பெஞ்சு அதிர்கிறது, கையெழுத்து கோணியிருந்தால் அதுதான் காரணம். வந்து மூன்று வாரமாகிவிட்டது. இந்தத் தெருவில் மாவு வாங்கவும் ஆட்டோ பேசவும் தமிழே போதும். வீட்டுக்கார அக்காவின் மாமனார் ராஜா மில் வேலைக்காக ஊரைவிட்டு வந்தவராம். மில் போய் அந்த இடத்தில் மந்திரி மால் வந்துவிட்டது, குடும்பம் இங்கேயே தங்கிவிட்டது. அக்கா பெயின்ட் டப்பாக்களில் கனகாம்பரமும் கற்பூரவல்லியும் வளர்க்கிறார். அரிசி களைந்த தண்ணீர் முழுக்க அவற்றுக்குத்தான். அதைப் பார்க்கும்போது உடனே ஊருக்குப் பஸ் ஏறிவிடலாம் போலிருக்கிறது. மல்லியைப் பற்றி மட்டும் கேட்காதே. இங்கே முழம் போட்டு விற்பதில் நம் மல்லியின் வாசனை கால்வாசிகூட இல்லை.

நான் எதற்காக வந்தேன் என்பது உனக்குத் தெரியும். பாஸ்டன் நகரத்து இசபெல்லா ஸ்டூவர்ட் கார்ட்னர் அருங்காட்சியகம், நில வடிவமைப்பில் புதிதாகக் கால் வைப்பவர்களுக்கு ஒரு நல்கை தருகிறது. தங்குவதற்கு அருங்காட்சியகத்திலேயே வீடு கொடுத்து, ஆராய்ச்சி செய்துகொள் என்று விடுகிறார்கள். ஓவியருக்கும் பாடகருக்கும் இப்படி இடம் கொடுப்பவர்கள் உண்டு, தோட்டம் போடுகிறவரைக் கூப்பிட்டு உட்கார வைக்கும் அருங்காட்சியகம் அபூர்வம். அந்த இடத்துக்கு அது பொருத்தமும்கூட. 1903-இல் அதைத் திறந்த அந்த அம்மாள், தான் வைத்த படத்தையும் நாற்காலியையும் யாரும் இடம் மாற்றக் கூடாது என்று உயில் எழுதிவிட்டுப் போனார். 1990-இல் 13 கலைப்பொருள்கள் திருடு போயின. ஓவியங்களை வெட்டி எடுத்துப் போன வெறும் சட்டங்கள் இன்றும் அதே சுவரில் தொங்குகின்றன. ஆணி மாறாத அந்த வீட்டில் நடுமுற்றத்துத் தோட்டம் மட்டும்தான் பருவத்துக்குப் பருவம் மாறுகிறது. இளவேனிலில் மூன்றாவது மாடி ஜன்னல்களிலிருந்து இருபதடி நீளத்துக்கு நஸ்டர்ஷியம் கொடிகளைத் தொங்க விடுகிறார்கள். ஆரஞ்சு நிறப் பூ. அந்தப் படத்தைத்தான் நான் போனில் முகப்பாக வைத்திருக்கிறேன்.

விண்ணப்பத்தில் என்ன ஆராயப் போகிறேன் என்று எழுத வேண்டும். கிரம்பீகல் துரையைப் பற்றி எழுதுவதாக முடிவு செய்துதான் வந்தேன். ஜெர்மனியில் பிறந்து, லண்டன் கியூ தோட்டத்தில் தொழில் பழகி, 1893-இல் பரோடாவுக்கு வந்தவர். 1908 முதல் 1932 வரை இங்குள்ள லால்பாக் தோட்டம் அவர் பொறுப்பில் இருந்தது. ஒரு மரம் பூ உதிர்த்து ஓயும்போது இன்னொரு மரம் பூக்கத் தொடங்க வேண்டும் என்று கணக்குப் போட்டு இந்த நகரத்துச் சாலைகளில் நட்டார். இப்போது சாலைகளில் டபேபுயா இளஞ்சிவப்பாகக் கொட்டிக் கிடக்கிறது, பின்னாலேயே ஜாகரண்டா ஊதாவாக வருகிறது. பழைய தோட்ட வரைபடம் ஏதாவது கிடைக்குமா என்று ஓர் அலுவலகத்துக்கு நான்கு நாள் நடந்தேன். இந்த மேஜையிலிருந்து அந்த மேஜைக்கு அனுப்பினார்களே தவிர ஒரு தாளைக்கூடக் கண்ணில் காட்டவில்லை. ஐந்தாம் நாள் கோபத்தோடு லால்பாக்குக்குள் போய் ஏரிக்கரைப் பக்கம் பெரிய இலவ மரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன்.

அங்கேதான் அவரைப் பார்த்தேன். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். அரைக்கை பனியன், தோளில் துண்டு. ஒரு தொட்டியில் கட்டைவிரலை முதல் கணு வரைக்கும் அழுத்தி, எடுத்து, விரலில் ஒட்டிய மண்ணைப் பார்த்துவிட்டு அடுத்த தொட்டிக்குப் போனார். ஓய்வு பெற்று வருஷக்கணக்காகிறதாம், ஆனாலும் காலையில் வராவிட்டால் இருப்புக் கொள்ளாதாம். பேசியது ஒரு மாதிரித் தமிழ், கன்னடமும் தெலுங்கும் கலந்து. "நாங்க திகளருங்கம்மா" என்றார்.

எனக்குச் சட்டென்று உறைத்தது. ஹைதர் அலி 1760-இல் இந்தத் தோட்டத்தைத் தொடங்கியபோது தமிழ்ப் பக்கமிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்கள் என்று திகளர்களைச் சொல்வார்கள். இங்கே கண்ணாடி மாளிகை கட்டப்பட்ட காலத்தில் பொறுப்பில் இருந்த கேமரன் பெயரைப் புத்தகத்தில் படித்திருக்கிறேன். கிரம்பீகல் பெயரில் பக்கத்தில் சாலையே இருக்கிறது. மண்ணில் விரல் வைத்தவர்கள் பெயரை நான் எங்கேயும் படித்ததில்லை, தேடவும் இல்லை.

போனை எடுத்து பாஸ்டன் படத்தைக் காட்டினேன். சிலைகளையும் தூண்களையும் அவர் பார்க்கவே இல்லை. இரண்டு விரலால் பெரிதாக்கி, கொடி ஜன்னலைத் தொடும் இடத்துக்கு நேராகப் போனார்.

"தொட்டி உள்ள இருக்கு. இது இங்க வளந்ததில்ல."

எப்படிச் சொல்கிறீர்கள் என்றேன்.

"கண்ணாடிக் கூரை, மேல மூணு மாடி. வெயில் எங்க பத்தும்? வேற எடத்துல வளத்துக் கொண்டாந்திருக்காங்க. பக்கத்துல வர்ற கெளைய எல்லாம் கிள்ளிக் கிள்ளி ஒரே தண்டா விட்டிருக்காங்க. நெறய நாள் தாங்காது, எடுத்துருவாங்க." நஸ்டர்ஷியம் அவருக்குப் புதிதல்ல, குளிர்கால மலர்க் காட்சிக்குத் தொட்டி தொட்டியாக விட்டிருக்கிறாராம்.

பிறகு நான் யோசித்தே பார்க்காத ஒன்றைக் கேட்டார். "இத எத்தன பேரு தூக்கியாந்தாங்க?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அவரே சொன்னார். "தொட்டி ஒருத்தர் கையில, கொடி அஞ்சாறு பேரு கையில. ஒருத்தரு கால் தப்புனாலும் ஒடஞ்சுரும். எங்க கரகம் மாதிரிதான்."

அடுத்து வருவது சைத்ர பௌர்ணமி, திகளர்களின் கரகத் திருவிழா இரவு. தர்மராயசுவாமி கோயிலிலிருந்து பெண்வேடமிட்ட பூசாரி கோபுரம் போல் மல்லிகை சுற்றிய கரகத்தைக் கையால் தொடாமல் தலையில் சுமந்து வருவார். சுற்றிலும் வீரகுமாரர்கள் கத்தியோடு நடப்பார்கள். ஊர்வலம் மஸ்தான் தர்காவுக்கும் போய்த்தான் திரும்பும். கரகத்துச் சடங்கு நடக்கும் சம்பங்கி ஏரி இப்போது கண்டீரவா ஸ்டேடியம். ஓரத்தில் சின்னக் குளமாக ஒரு துண்டு மட்டும் மிச்சம். அந்த ஏரித் தண்ணீரை நம்பித்தான் திகளர்கள் காய்கறியும் பூவும் போட்டார்கள். நான் வந்து இறங்கிய மெஜஸ்டிக் பஸ் நிலையமும் தர்மாம்புதி என்ற ஏரிதான். ஏரி போனதும் தோட்டம் போயிற்று. பெரியவரின் பேரன் வாடகைக் கார் ஓட்டுகிறான்.

ராத்திரி அக்கா கொடுத்த ராகிக் களியைச் சாப்பிட்டுவிட்டு, கார்ட்னர் முற்றத்துக் கொடிகளைப் பற்றித் தேடிப் படித்தேன். அவர் சொன்னது அத்தனையும் சரி. விதை போடுவது முந்தின கோடையில். கண்ணாடி வீட்டில் குளிர்காலம் முழுக்கக் கிள்ளிப் பழக்குகிறார்கள். முற்றத்தில் தொங்குவது மூன்று வாரம் போல. தூக்கி வருவது வரிசையாகப் பல பேர். ஒரே ஒரு படத்தைப் பார்த்து இத்தனையும் படித்துவிட்டார் அந்த மனுஷன். ஐந்து வருஷம் கல்லூரியில் படித்த நான் பூவின் நிறத்தை மட்டும்தான் பார்த்திருந்தேன்.

அன்றிலிருந்து ஒரே நினைப்பாக இருக்கிறது. 1865-இல் தொடங்கிய அரசு அருங்காட்சியகம் கஸ்தூரிபா சாலையில் இருக்கிறது, 2023-இல் திறந்த கலை, நிழற்பட அருங்காட்சியகமும் அங்கேயே இருக்கிறது. எதிரே கப்பன் பூங்கா, கொஞ்சத் தூரத்தில் லால்பாக்கின் 240 ஏக்கர். இவற்றில் ஏதாவது ஒன்று ஓர் அறையையும் ஒரு வருஷச் சாப்பாட்டையும் கொடுத்து, இளம் வடிவமைப்பாளர் ஒருவரைத் தினமும் காலையில் இப்படி ஒரு பெரியவரோடு அனுப்ப வேண்டும். சம்பளம் இரண்டு பேருக்கும் சமமாக இருக்க வேண்டும். பெரியவருக்கு எழுபது தாண்டிவிட்டது. ஆற அமர யோசிக்க நேரமில்லை.

விண்ணப்பத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதுகிறேன். கிரம்பீகல் ஒரு பத்தியில் வருவார். மிச்சமெல்லாம் திகளர்களின் கை. பெரியவரிடம் அனுமதி கேட்டுவிட்டேன். தன் அப்பா பெயரையும் சேர்த்து எழுதச் சொன்னார்.

உன்னால் ஓர் உதவி ஆக வேண்டும். உன் பெரியப்பா மல்லிக்குப் பதியன் போடுவது எந்த மாதம், கவாத்து எந்த மாதம், வெட்டுவதற்கு எத்தனை நாள் முன்னால் தண்ணீரை நிறுத்துவார், இதையெல்லாம் கேட்டு அவர் சொல்கிற சொல்லிலேயே எழுதி அனுப்பு. உன் பாஷையில் மாற்றாதே. சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் அவரைப் பிடிக்க முடியாது, இந்த வாரமே போய்விடு.

அன்புடன்,
உன் தோழி