பூமாலை போட்ட விமானம்

சேலையூர், மாடம்பாக்கம் பக்கம் குடியிருப்பவர்களுக்கு ஏ.என்.-32 தெரியாமல் இருக்காது. இறக்கைக்கு மேலே தூக்கி வைத்தாற்போல் இரண்டு ப்ரொபெல்லர் எஞ்சின்கள். தாம்பரம் விமானப்படைத் தளத்திலிருந்து 2016 ஜூலை 22 அன்று 29 பேரோடு போர்ட்பிளேர் கிளம்பிக் காணாமல் போனது இந்த ரகம்தான். 2024 ஜனவரியில்தான் அதன் சிதைவுகள் கடலடியில் தென்பட்டன. விபத்து நடந்தால்தான் சரக்கு விமானத்தின் பெயர் வெளியே தெரிகிறது. ஆனால் நகரச் சண்டைகளின் தலையெழுத்தை எழுதுவது பெரும்பாலும் சரக்குதான்!

1987, யாழ்ப்பாணம். ஜூன் 3 அன்று ராமேஸ்வரத்திலிருந்து படகுகளில் போன நிவாரணப் பொருட்களை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியது. மறுநாள் பெங்களூரிலிருந்து ஐந்து ஏ.என்.-32கள், மிராஜ் விமானங்களின் காவலோடு பறந்துபோய் சுமார் 25 டன் பொருட்களைப் பாராசூட்டில் போட்டன. 'ஆபரேஷன் பூமாலை'.

நான்கே மாதம். பூமாலை போய் 'பவன்' வந்தது. அதே ரக விமானங்கள் இப்போது பலாலிக்குப் படையினரையும் தளவாடங்களையும் சுமந்தன. திரும்பும்போது காயம்பட்டவர்கள்.

பலாலியில் சரக்கு குவிந்தால் போதுமா? அங்கிருந்து யாழ் நகருக்குப் போகும் அந்தக் கடைசிக் கொஞ்ச தூரம்தான் சிக்கல். சாலையெங்கும் கண்ணிவெடி. வீட்டு மதிலெல்லாம் அரண்.

அக்டோபர் 11 நள்ளிரவை ஒட்டி, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஹெலிகாப்டரில் இறங்கினார்கள் 13-வது சீக்கிய இலகு காலாட்படையின் 30 பேர். ரேடியோவை ஒட்டுக்கேட்டிருந்த புலிகள் தயாராக இருந்தார்கள். ஹெலிகாப்டர்கள் குண்டடிபட, அடுத்த நடை வரவில்லை. ஆளும் இல்லை, தோட்டாவும் இல்லை. இருந்தது தீரும்வரை சண்டை போட்டார்கள். 29 பேர் இறந்தனர், ஒருவர் பிடிபட்டார். அதே இடத்தில் சிக்கிய கமாண்டோக்களை மீட்கப் போன டாங்கிகள், கண்ணிவெடிக்குப் பயந்து சாலையை விட்டு ரயில் பாதை வழியே போயின!

சரி, சப்ளை படைக்கு மட்டும்தானா? ஊரடங்கில் அடைபட்ட மக்களுக்கு அரிசி? மருந்து? அக்டோபர் 21 அன்று யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் நுழைந்த இந்தியப் படையினர் சுட்டதில் நோயாளிகளும் மருத்துவர்களும் தாதியரும் செத்தார்கள். சப்ளை போய்ச் சேரவேண்டிய கடைசி இடமே அப்படி ஆனது.

ஜூனில் வானத்திலிருந்து விழுந்த மூட்டைகள் இதே மக்களுக்குத்தான். படைக்குச் சாமான் போகும் வழியைத் திட்டமிட ஒரு தனிப் பிரிவே இருக்கிறது. நடுவில் மாட்டிக்கொண்ட ஊருக்கு யார் பொறுப்பு? நகரத்துக்குள் சண்டை என்று முடிவெடுக்கும் முன்பே கேட்க வேண்டிய கேள்வி அதுதான், இல்லையா?