கல்வழி அண்ட் சன்ஸ்

ஸ்டைன்வே நிறுவனம் செய்த முதல் பியானோவின் எண் 483.

புதிதாகக் கடை போடுகிறவர் பில் புத்தகத்தை ஒன்றிலிருந்து தொடங்காமல் நானூற்றுச் சொச்சத்திலிருந்து தொடங்குவது பழைய தந்திரம்தான். தாம்தான் முதல் போணி என்று வாங்குகிறவருக்குத் தெரிந்துவிடக் கூடாதே! ஆனால் இந்த 483இல் அந்தச் சாமர்த்தியம் இல்லை. ஹைன்ரிக் எங்கல்ஹார்ட் ஸ்டைன்வெக் என்ற தச்சர் ஜெர்மனியில் ஸேஸன் என்ற சிற்றூரில் ஏற்கெனவே 482 பியானோ செய்து முடித்திருந்தார். 1850இல் குடும்பத்தோடு கப்பலேறி நியூயார்க் வந்தார். அப்பாவும் பிள்ளைகளும் சுமார் மூன்று வருஷம் அடுத்தவர் பட்டறைகளில் கூலிக்கு வேலை பார்த்தார்கள். 1853 மார்ச் 5இல் சொந்தப் பட்டறை போட்டபோது, விட்ட இடத்திலிருந்து எண்ணத் தொடங்கினார். கடலை ஒரு பொருட்டாக மதிக்காத கணக்கு அது. 483 ஐந்நூறு டாலருக்கு விலைபோயிற்று.

ஸேஸனில் 1836இல் செய்த ஒரு கிராண்ட் பியானோவை அவர் வீட்டு அடுக்களையில் வைத்துச் செய்தார் என்பது நிறுவனம் பெருமையோடு சொல்லிவரும் கதை. ‘அடுக்களைப் பியானோ’ என்றே அதற்குப் பெயர். அந்த மாதங்களில் வீட்டம்மா எங்கே சமைத்தார் என்பதை மட்டும் கதை சொல்வதில்லை.

கணக்கை மாற்றாத மனிதர் பெயரை மாற்றினார். ஜெர்மன் மொழியில் ஸ்டைன் என்றால் கல், வெக் என்றால் வழி. ஸ்டைன்வெக் குடும்பம் என்றால் கல்வழிக் குடும்பம். அன்றைய அமெரிக்காவில் ஆங்கிலச் சாயல் உள்ள பெயருக்குத்தான் பியானோ உலகில் மரியாதை. ஆகவே வெக் என்பது வே ஆயிற்று. முழுதாக மொழிபெயர்த்திருந்தால் ஸ்டோன்வே என்று வந்திருக்க வேண்டும். கல்லை அப்படியே விட்டுவிட்டு வழியை மட்டும் மாற்றினார்கள். பலகையில் முதலிலேயே ஏறிவிட்ட இந்தப் பாதி மொழிபெயர்ப்பு, 1864இல் சட்டப்படி குடும்பப் பெயரும் ஆனது.

பெயரின் மறுபாதி ‘அண்ட் சன்ஸ்’. தமிழ் வாசகருக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. மதுரையில் 1911இல் தொடங்கிய டி.வி. சுந்தரம் அய்யங்கார் அண்ட் சன்ஸ் முதல், கடைத்தெருவின் இரும்புக் கடை, பாத்திரக் கடை, ஜவுளிக் கடை வரை அந்தப் பலகையைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். ‘அண்ட் டாட்டர்ஸ்’ பலகையைத் தேடிப் போனால் செருப்புத்தான் தேயும். ஸ்டைன்வே வீட்டிலும் அதே கதை. மூத்த பெண் டொரெட்டா கடையில் நின்று விற்பனையைக் கவனித்தவர். வந்தவர் விலை கேட்டுவிட்டு, ‘வாங்கினால் யார் வாசிப்பது?’ என்று தயங்கினால், வாசிக்கத் தாமே இலவசமாகச் சொல்லித் தருவதாகச் சொல்லி வியாபாரத்தை முடிப்பாராம். பியானோ விற்பதில் இதைவிடப் பெரிய யோசனையைப் பின்னால் வந்த எந்த மேலாளரும் கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை. பலகையில் அவர் இல்லை.

பலகையில் இருந்த சன்ஸ், வளர்ந்து ஆளான ஐவர். அவர்களில் ஹென்றி, அப்பா பெயரையே கொண்டவர், மூளைக்காரர். கிராண்ட் பியானோவில் மந்தர ஸ்தாயித் தந்திகளை மற்றத் தந்திகளுக்கு மேலே குறுக்காக, விசிறி விரித்ததுபோல் கட்டும் முறைக்கு 1859இல் காப்புரிமை வாங்கினார். நீளத் தந்திக்கு இடம் கிடைத்தது. அதிர்வும் ஒலிப்பலகையின் ஓரத்தை விட்டு நடுவுக்கு வந்தது. இன்று உலகத்தில் ஏறக்குறைய எல்லா கிராண்ட் பியானோவும் அப்படித்தான் கட்டப்படுகிறது. அந்த ஹென்றி 1865 மார்ச்சில் காசநோயில் போனார். அதே மாதம், ஜெர்மனிக்குப் போயிருந்த இன்னொரு மகன் சார்லஸ் டைபாய்டில் போனார். ஒரே மாதத்தில் இரண்டு பிள்ளைகள். தகப்பனாருக்கு வயது அறுபத்தெட்டு.

எஞ்சியவர்களில் வில்லியம் டைரி எழுதுகிறவர். 1861 ஏப்ரலில், கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்பு ஆரம்பித்து, 1896இல் சாகும்வரை எழுதினார். இப்போது அது வாஷிங்டனில் ஸ்மித்ஸோனியன் வசம் இருக்கிறது. ஒரு பெரிய முதலாளியின் டைரியில் தத்துவம் தேடுகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். யார் எவ்வளவு பாக்கி, எந்த ஓப்பரா, எந்த மூட்டில் கீல்வாத வலி: இவைதான் நிறைய. அதனாலேயே அது நம்பத்தக்கது. 1863 ஜூலையில், கட்டாய ராணுவ ஆள்சேர்ப்பை எதிர்த்து நியூயார்க்கே பற்றி எரிந்த நாட்களில், கலகக் கூட்டம் ஒன்று ஸ்டைன்வே தொழிற்சாலை வாசலுக்கு வந்தது. சார்லஸ் வெளியே போய்ப் பேசினார். பாதிரியார் ஒருவரும் சமாதானம் சொன்னார். கடைசியில் தலைவனுக்கு ரொக்கமாகக் கொஞ்சம், காசோலையாகக் கொஞ்சம் கொடுத்து அனுப்பினார்கள் என்று வில்லியம் எழுதிவைத்திருக்கிறார். ஊரைக் கொளுத்த வந்தவன் காசோலையை வாங்கிக்கொண்டு போனான்! மாற்றப் போன இடத்தில் வங்கி மிச்சமிருந்ததா என்று கேட்கத் தோன்றுகிறது.

இந்த வில்லியம் பியானோவோடு நிற்கவில்லை. குவீன்ஸ் பகுதியில் நிலம் வாங்கித் தொழிலாளர் வீடுகள், பள்ளி என்று ஒரு கிராமத்தையே எழுப்பினார். ஜெர்மன் எஞ்சின் வல்லுநர் டைம்லரோடு சேர்ந்து மோட்டார் எஞ்சின் தொழிலில் இறங்கினார். கிழக்கு ஆற்றுக்கு அடியில் சுரங்கப் பாதையும் தோண்டத் தொடங்கினார். அதில் விபத்தும் நஷ்டமும்தான் மிஞ்சின. பின்னால் வந்தவர்கள் முடித்த அந்தச் சுரங்கத்தில்தான் நியூயார்க்கின் 7ஆம் எண் ரயில் ஓடுகிறது.

மூத்தவர் தியோடோரின் கதை வேறு. எல்லாரும் கப்பலேறியபோது இவர் மட்டும் ஜெர்மனியிலேயே தங்கி, பழைய பெயரிலேயே பியானோ செய்துகொண்டிருந்தார். தம்பிகள் செத்தபின் 1865இல் வேறு வழியில்லாமல் நியூயார்க் கிளம்பினார். அந்த ஊரை அவருக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை. இயற்பியல் அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸோடு கடிதப் போக்குவரத்து வைத்து ஒலியைப் படித்தார், காப்புரிமைகளைக் குவித்தார், பிறகு பிரவுன்ஷ்வைக் நகருக்கே திரும்பிப்போய் 1889இல் கண்ணை மூடினார். கிளம்பும்போது ஜெர்மன் பட்டறையைக் கூட்டாளிகள் மூவருக்கு விற்றிருந்தார். அவர்களில் ஒருவர் குரோட்ரியன். ‘தியோடோர் ஸ்டைன்வெக்கின் வழிவந்தவர்கள்’ என்று போட்டுக்கொள்ளும் உரிமையும் விற்பனையோடு போயிற்று. அவசரத்தில் செய்த அந்தச் சலுகைக்கு நூறு வருஷம் கழித்து வட்டி கட்ட நேர்ந்தது.

முதல் உலகப் போரை ஒட்டி குரோட்ரியன் குடும்பம் தன் சொந்தப் பெயரையே குரோட்ரியன்-ஸ்டைன்வெக் என்று மாற்றிக்கொண்டது. ஸ்டைன்வெக்குகள் உதறிய பெயரை ஸ்டைன்வெக் அல்லாதவர்கள் எடுத்துப் போர்த்திக்கொண்டார்கள். அந்தப் பெயரோடு பியானோக்கள் அமெரிக்கச் சந்தைக்கு வர, வழக்கு மூண்டது. 1975இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஸ்டைன்வேக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. ஆயிரக்கணக்கான டாலர் கொடுக்கிறவர் கடைசி நேரத்தில் ஏமாந்து வேறொன்றை வாங்கிவிடுவார் என்று அது சொல்லவில்லை. பெயர் காதில் ஒலித்த மயக்கத்தில் முதலில் அந்தப் பக்கம் திரும்புகிறாரே, அதுவே தவறு என்றது. ‘எங்களுக்கு வேறு கிளைகள் கிடையாது’ என்று பலகை மாட்டும் நம்மூர் அல்வாக் கடைக்காரருக்கு இந்தத் தீர்ப்பு உடனே புரியும். அப்பாவோடு பிறந்த பெயர், அமெரிக்காவில் பிள்ளைகளின் பெயருக்குப் போலி என்று ஆகிவிட்டது.

ஸ்டைன்வே குடும்பத்தார் 1880இல் ஹாம்பர்க்கிலும் ஒரு தொழிற்சாலை திறந்திருந்தார்கள். இரண்டாம் உலகப் போர் வந்தபோது, நியூயார்க்கில் பியானோவுக்கு வளைத்த அதே கைகள் அமெரிக்க ராணுவத்தின் கிளைடர் விமானங்களுக்கு மரம் வளைத்தன. ஹாம்பர்க் ஆலையை நாஜி அரசு அமெரிக்கச் சொத்து என்று தன் கட்டுப்பாட்டில் எடுத்து, எதிரி விமானியை ஏமாற்றப் பொம்மை விமானங்கள் செய்ய வைத்தது. ஒரே பெயர்ப் பலகை. ஓரிடத்தில் பறக்கும் மரம், ஓரிடத்தில் பறக்காத மரம்.

1972இல் குடும்பம் நிறுவனத்தை அமெரிக்க ஒளிபரப்பு நிறுவனமான சி.பி.எஸ்ஸுக்கு விற்றது. அதன்பின் கை மாறி மாறி, 2013இல் ஒரு முதலீட்டாளர் சுமார் 51 கோடி டாலருக்கு வாங்கினார். தலைவராக இருந்த கடைசி ஸ்டைன்வே, நிறுவியவரின் கொள்ளுப்பேரன் ஹென்றி. 1977இல் பதவி விட்ட பிறகும் நிறுவனத்தோடு ஒட்டிக்கொண்டே இருந்தார். வாங்கியவர்கள் ஆசைப்பட்டால் பியானோவில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். 2008இல், 93 வயதில் காலமானார். 2015இல் குரோட்ரியனையும் ஹாங்காங் நிறுவனம் ஒன்று வாங்கிவிட்டது.

எண் 483 இப்போது நியூயார்க்கில் இல்லை. ஸேஸன் நகர அருங்காட்சியகத்தில் நிற்கிறது, மற்ற 482ம் பிறந்த ஊரில்.