எங்கள் பாடு

ஊர் விட்டு ஊர் போய்ப் பார்த்தால்தான் சொந்த ஊரின் அருமை தெரியும் என்று பெரியவர்கள் சொல்லுவார்கள். அது எவ்வளவு உண்மை என்பதைச் சென்ற மே விடுமுறையில் குடும்பத்தோடு இலங்கைக்குச் சென்று வந்த சகோதரிகளாகிய நாங்கள் அறிந்துகொண்டோம்.

இப்பயணம் எங்கள் ஆயாவின் பொருத்தனை. 2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கிப் பழவேற்காட்டுக் குப்பங்களுக்குள் புகுந்தபோது, கைக்குழந்தையாக இருந்த அண்ணனைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிய ஆயா, "பிள்ளை பிழைத்தால் மடு மாதாவிடம் அழைத்து வருகிறேன்" என்று வேண்டிக்கொண்டார்களாம். ஆனால் விரைவிலேயே இலங்கையில் மீண்டும் போர் மூண்டது. 2009இல் அது ஓய்ந்த பிறகோ கையில் பணமில்லை. அம்மாவின் மகளிர் குழுச் சேமிப்பும், கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் அண்ணனின் சம்பளமும் சேர்ந்த பிறகே பொருத்தனை நிறைவேறியது.

மடுவில் மாதாவைத் தரிசித்தோம். அநுராதபுரத்துத் தூபிகளையும், கண்டி ஏரியையும், கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் திருத்தலத்தையும் கண்டு மகிழ்ந்தோம். ஆயினும் எங்கள் நெஞ்சில் நிலைத்து நிற்பது கடைசி நாள்தான்.

அன்று மாலை எங்களுக்கு விமானம். கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு அருகிலேயே நீர்கொழும்பு இருப்பதால் காலையிலேயே அங்கு போய்ச் சேர்ந்தோம். என்ன வியப்பு! பழவேற்காட்டுக்கே திரும்பிவிட்டோமோ என்று தோன்றியது. அங்கும் கடலோடு கலக்கும் காயல். அங்கும் மாதா கோவில். அங்கும் மணலில் காயும் கருவாடு. நம்மூரில் டச்சுக்காரர் 1613இல் கட்டிய கெல்ட்ரியா கோட்டை இடிந்து கிடக்கிறது. அங்கே அவர்கள் கட்டிய கோட்டையின் வாயிலில் 1678 என்ற ஆண்டு இன்றும் தெரிகிறது. நமக்குப் பக்கிங்காம் கால்வாய். அவர்களுக்கு டச்சுக் கால்வாய். காயல் மட்டும் நம் ஏரியைவிட மிகச் சிறியது.

இவ்வளவு அழகையும் காண எங்கள் அப்பாவுக்கு மனமில்லை. காரணத்தைச் சொல்லுமுன் எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஏரியில் இறாலுக்குச் சுத்துவலை கட்டும் நல்ல இடங்கள் சிலவே. ஆகவே எந்த நாளில், எந்த இடத்தில், யார் வலை கட்டுவது என்று ஊர் கூடி முறை வைத்திருக்கிறார்கள். இதற்குப் 'பாடு' என்று பெயர். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதா குப்பம் ஆகிய மூன்று ஊர்களுக்கு இவ்வுரிமை உண்டு. திருமணமான ஆண்மகன் தலைக்கட்டாகச் சேர்ந்து பாட்டில் பங்கு பெறுவான். அண்ணனுக்கு அடுத்த ஆண்டு திருமணம். அவரோ, "எனக்குப் பாடு வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அப்பா அவரோடு சரியாகப் பேசுவதில்லை.

காயலின் வாய்ப்பக்கம் போனோம். அங்கே முதியவர் ஒருவர் நிழலில் வலை பொத்திக்கொண்டிருந்தார். எங்கள் பேச்சைக் கேட்டு, "இந்தியாவோ, தம்பி?" என்று அப்பாவைத் தமிழிலேயே விசாரித்தார். அப்பாவின் முகம் மலர்ந்தது. வலைக்காரருக்கு வலைக்காரர் போதாதா? அவ்விடத்தில் இரவு நேரத்தில், நீர் வற்றும்போது கடலுக்குத் திரும்பும் இறாலைக் கழி நட்டுக் கட்டிய வலையில் பிடிப்பார்களாம். அவ்வலையைச் சிங்களத்தில் 'கட்டுதெல்' என்கிறார்கள். நான்கு மீனவர் சங்கங்கள் இடங்களைத் தமக்குள் பிரித்துக்கொண்டு, சீட்டுக் குலுக்கி முறை போடுகின்றனவாம்.

"நல்ல இடம் ஒருவனிடமே நின்றால் ஊர் நிற்காது, தம்பி" என்றார் முதியவர்.

"எங்கள் ஊரில் இதைப் பாடு என்போம்" என்றார் ஆயா. முதியவர் சிரித்துக்கொண்டே அருகிலிருந்த துவாத் தீவைக் காட்டினார். "தவக்காலத்தில் வந்தால் அங்கே ஆண்டவரின் பாடுகளை நாடகமாகப் பார்க்கலாம், அம்மா."

ஆயா சற்று யோசித்தார். "முறையும் பாடுதான். உழைப்பும் பாடுதான். ஆண்டவர் நமக்காகப் பட்டதும் பாடுதான். நம் முறை வரும்போது நாம் பட வேண்டியதை நாம்தானே பட வேண்டும்?"

அண்ணன் விடவில்லை. "இறால் இருந்தால்தானே முறை, ஆயா? முகத்துவாரம் மணலால் மூடினால் வெறும் வலைதானே வருகிறது?"

யாரும் பதில் சொல்லவில்லை. பிறகு முதியவர் மெல்லச் சொன்னார்: "தம்பி சொல்வது சரி. இங்கும் முன்போல் இல்லை. என் பிள்ளைகள் இருவரும் இத்தாலியில். பணம் வருகிறது. என் முறை வரும் இரவில் வலைக்கு மறுபுறம் பிடிக்கத்தான் ஆள் இல்லை."

அப்போது நெடுநாளாக எங்கள் மனத்தில் இருந்த ஒன்றை அப்பாவிடம் கேட்டோம்: "ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களுக்கு ஏன் பாடு இல்லை?"

அப்பா நெடுநேரம் நீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அது நம் முறையில் உள்ள குறைதான், கண்ணுங்களா. பங்கிடக் கற்ற நாம் இன்னும் முழுதாகப் பங்கிடக் கற்கவில்லை" என்றார். தம் குறையைப் பிள்ளைகளிடம் ஒப்புக்கொண்ட அப்பா அன்று எங்கள் கண்ணுக்கு மிகவும் உயர்ந்து தெரிந்தார். அண்ணனும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விடைபெறும்போது ஆயா மடுவில் வாங்கிய செபமாலைகளில் ஒன்றை முதியவரிடம் கொடுத்தார். அவர் ஒரு பொட்டலம் கருவாடு கொடுத்தார். பழவேற்காட்டுக்குக் கருவாடா என்று நாங்கள் சிரித்தோம். ஆயா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

மறுநாள் விடியற்காலையில் பொன்னேரியிலிருந்து பேருந்தில் வந்து ஊரில் இறங்கினோம். ஏரியிலிருந்து ஈரக்காற்று வீசியது. பைகளைத் தூக்கிக்கொண்டு முன்னே நடந்த அண்ணன் திரும்பிப் பார்க்காமலே, "நம்ம பாடு எப்போதுப்பா?" என்று கேட்டார்.

"வியாழக்கிழமை" என்றார் அப்பா.

அண்ணன் தலைக்கட்டாகச் சேருவாரா என்பது இன்றும் முடிவாகவில்லை. ஆனால் அந்த வியாழக்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து வலையின் மறுபுறத்தைப் பிடித்தார். அன்று கிடைத்த இறால் அதிகமில்லை. அப்பாவின் முகத்தில் இருந்த மகிழ்ச்சிக்கோ அளவில்லை.

அன்புத் தோழியரே, வீட்டிலும் பள்ளியிலும் நம் ஒவ்வொருவருக்கும் ஒரு பாடு உண்டு. நம் முறை வரும்போது தட்டாமல் நிற்போம். முறையே இல்லாதவர்களையும் மறவாதிருப்போம். அதற்கு மடு மாதா துணை புரிவாராக!